சித்தியின் இடது கை

எனக்கு ஓட்டை வாய். இதை நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா வந்து சொல்லிவிடுவாள். மூன்றாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் குவார்ட்டர்ஸ் பிளாக்கில் யார் வீட்டில் சண்டை, யார் வீட்டுக்குப் புது மிக்ஸி வந்திருக்கிறது என்று எதைக் கேட்டாலும் என்னிடம் பதில் இருக்கும். கேட்காவிட்டாலும் சொல்வேன். அப்படிப்பட்ட என்னிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் ஒரு ரகசியத்தைக் காக்கிற வேலையை ஒப்படைத்தார்கள். இதில் வேடிக்கை என்னவென்றால், அப்படி ஒரு ரகசியம் இருப்பதையே என்னிடம் சொல்லவில்லை.

அப்பாவுக்கு ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடுதான் இருந்தாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தாள். பன்னிரண்டு வயதில் பொன்னுக்கு வீங்கி வந்து அவளுக்கு இடது காது கேட்காமல் போய்விட்டது. வலது காது நன்றாகக் கேட்கும், நான் அடுக்களையில் சர்க்கரை டப்பாவைத் திறந்தால் ஹாலில் இருந்தே அதட்டுவாள். வீட்டில் எங்களுக்கு இது ஒரு விஷயமே இல்லை. சித்தியிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கால் தானாக அவளுடைய வலது பக்கம் போய்விடும், அவ்வளவுதான்.

கல்யாணச் சந்தையில் அது அவ்வளவுதான் என்று இருக்கவில்லை. முதலில் பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா உள்ளதைச் சொன்னாள். அவர்கள் காபியைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினார்கள். இரண்டாவதாக வந்தவர்களிடம் சொல்லவில்லை. மாப்பிள்ளையின் பெரியம்மா சித்திக்கு இடது பக்கமாக உட்கார்ந்து மூன்று முறை பெயரைக் கேட்டார். அதுவும் போயிற்று. இரண்டு தடவையும் பிளாக்கில் கண், காது, மூக்கு வைத்துப் பேசினார்கள். சித்திக்கு அப்போது இருபத்தெட்டு வயது. அம்மா தினமும் விளக்கேற்றும்போது வாய்விட்டே வேண்டிக்கொள்வாள், இந்த வருஷமாவது முடியட்டும் என்று.

மூன்றாவது இடம் குமணன்சாவடியில் இருந்து வந்தது. மாப்பிள்ளை திருமழிசைப் பக்கம் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். ஜாதகம் பொருந்தியிருந்தது. இந்தத் தடவை வீட்டில் வேண்டாம் என்று அம்மா முடிவு செய்தாள். எங்கள் பிளாக்கில் கேசரி கிளறினால் அதை மறைக்க முடியாது, நெய் வாசனை மூன்று மாடிக்கும் ஏறிப்போய் எல்லோரையும் வாசலுக்கு அழைத்து வந்துவிடும். அதனால் பூந்தமல்லி தாண்டி இருக்கும் பழைய தோட்டத்தில் இரண்டு குடும்பமும் தற்செயலாகச் சந்தித்துக்கொள்வதாக ஏற்பாடு. பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடமும் என்னிடமும் சொன்னது, பிக்னிக். காது விஷயத்தை எப்போது சொல்வது என்று அப்பா கேட்டதற்கு, முதலில் பிடிக்கட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அம்மா சொன்னாளாம். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டவை.

எனக்கு அன்று தெரிந்தது ஒன்றுதான். அம்மா எனக்குப் பட்டுப்பாவாடை கட்டிவிட்டு, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இன்னிக்குப் பூரா சித்தியோட இந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டே நடக்கணும். விட்டே, தோலை உரிச்சுப்புடுவேன்." அவள் காட்டியது இடது கை. நான் தொலைந்து போய்விடக் கூடாதே என்றுதான் சொல்கிறாள் என்று நினைத்தேன். அந்தப் பக்கம் வேறு யாரும் வந்து நின்றுவிடாதபடி அடைத்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கிறது.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் குச்சி ஐஸ் வண்டியைப் பார்த்ததும் முதல் தடவை கையை இழுத்தேன். வரவில்லை. சித்தி நாள் முழுவதும் அட்டைப்பெட்டிகளுக்குப் பட்டை இழுத்துக் கட்டுகிறவள், அவள் பிடித்தால் அது பிடி. என் விரல்கள்தான் வலித்தன.

அந்தத் தோட்டத்தை ஒரு காலத்தில் யாரோ ஒரு துரை தன் மனைவிக்காகப் போட்டாராம். வாசலில் நுழைந்ததுமே பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள். ஒவ்வொன்றிலும் தகரத்தில் பெயர் எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள். நடுவில் இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்த ஒரு வீடு, அதற்குள் பெரணிச் செடிகள். எல்லோரும் செடியைப் பார்த்தார்கள், அப்பா மட்டும் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "வெல்டிங்கே கிடையாது பாத்தியா? அம்புட்டும் ரிவெட்டு!" என்று சத்தமாக வியந்துகொண்டு, நிமிஷத்துக்கு ஒரு தரம் கைக்கடிகாரத்தையும் பார்த்தார். கண்ணாடி வீட்டுக்குள் ஓர் ஓணானைத் துரத்துவதற்காக இரண்டாவது தடவை இழுத்தேன். அப்போதும் வரவில்லை.

நாகலிங்க மரத்தடியில் அவர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்ட ஓர் அண்ணன், பக்கத்தில் அவருடைய அம்மா. என் அம்மா அப்படி நடிப்பாள் என்று எனக்கு அதுவரை தெரியாது. "அடடே! நீங்களா! எங்க இந்தப் பக்கம்?" என்று இரண்டு கையையும் விரித்தாள். "ஓ, இவங்களுக்காகத்தான் அப்பா வாட்சைப் பாத்துக்கிட்டே இருந்தாரா?" என்று நான் கேட்டேன். அம்மா என் தலையைத் தடவுவதுபோல் ஒரு குட்டு வைத்தாள்.

அந்த அம்மாள் நன்றாகச் சிரித்தார். "இன்னாம்மா, உன் பொண்ணு வெவரமா கீதே! எத்தினியாவது படிக்கிற கண்ணு?" என்று என்னைக் கேட்டுவிட்டு, சித்தியை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. கையில் வைத்திருந்த கலர் பாட்டிலில் எனக்கும் ஒரு வாய் கொடுத்துவிட்டு மீதியை அவரே குடித்தார்.

தோட்டத்தை ஒட்டினாற்போல் சிற்பப் பூங்கா. சிற்பம் என்றதும் நான் கோயிலில் இருப்பதுபோல் சாமி சிலைகளை எதிர்பார்த்துப் போனேன். அங்கே நடுவில் ஓட்டை போட்ட ஒரு பாறை, துருப்பிடித்த ஒரு சக்கரம், இடுப்புக்குமேல் ஒன்றுமே இல்லாத இரண்டு கால்கள். பழைய பல்சக்கரங்களை ஒட்டவைத்துச் செய்த ஒரு மாடு இருந்தது. அப்பா அதன் வயிற்றுக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, அதில் ஒரு பல்சக்கரம் தங்கள் செக்‌ஷனில் கழித்துப் போட்டதாகத்தான் இருக்கும் என்று சாதித்தார். பார்க் காவலாளி விசில் அடித்ததும்தான் வெளியே வந்தார். மூன்றாவது தடவை நான் இழுத்தது அந்த மாட்டின் மேல் ஏறுவதற்கு. சித்தியின் பிடி அப்படியே இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பெரியவர்களுக்கெல்லாம் ஒரே சமயத்தில் கால் வலித்துவிட்டது. பின்னால் மெதுவாக வந்தார்கள். முன்னால் நாங்கள் மூன்று பேர். இடது பக்கம் நான், நடுவில் சித்தி, வலது பக்கம் அந்த அண்ணன். எந்த ரயிலில் போவீங்க, ஷிப்ட் உண்டா என்று அவர் கேட்டார். சித்தி பதில் சொன்னாள், ஒரு தடவை சிரித்தாள்கூட. அவருக்கு நல்ல குரல். எனக்குச் சலிப்பாக இருந்தது.

கருங்கல்லில் ஒரு பெண் சிலைக்கு முன்னால் நின்றோம். உட்கார்ந்திருக்கும் பெண். புடவை மடிப்பு, விரல் நகம் எல்லாம் அவ்வளவு துல்லியம். முகம் மட்டும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கல்லை வழுவழுவென்று இழைத்து விட்டிருந்தார்கள். வலது பக்கம் பின்னாலிருந்து அந்த அம்மாளின் குரல் கேட்டது: "இன்னாத்துக்கு இப்டி? மூஞ்சியே இல்லாம செஞ்சி வெச்சிக்கிறானுங்க! இத எவன் கட்டுவான்?" எல்லோரும் சிரித்தார்கள். சித்தி சிரிக்கவில்லை. அது அவளுக்கு நன்றாகக் கேட்டிருக்கும், வலது பக்கத்திலிருந்துதான் வந்தது.

அந்த நேரம் பார்த்து என் கண்ணில் ஒரு கல் ஆமை பட்டது. பிள்ளைகள் ஏறி ஏறி முதுகு பளபளத்துப்போன ஆமை. நான்காவது தடவையாக இழுத்தேன். கை வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம். அம்மா பார்ப்பதற்குள் ஓடிவிட்டேன்.

ஆமைமேல் உட்கார்ந்து ஊர்வலம் போய் முடித்துத் திரும்பி வந்தபோது இருவரும் அந்தச் சிலையின் முன்னால்தான் நின்றிருந்தார்கள். ஆனால் அந்த அண்ணன் இப்போது இடது பக்கம், நான் விட்டுப்போன இடத்தில் இருந்தார். "உங்களுக்குப் பாட்டு எல்லாம் பிடிக்குமா?" என்று கேட்டார். சித்தி சிலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கேட்டார். பதில் இல்லை. அவர் முகம் சுண்டிப்போயிற்று. எனக்குப் பாவமாக இருந்தது, சத்தியமாகச் சொல்கிறேன், உதவி செய்யத்தான் நினைத்தேன்.

"அண்ணா, அந்தக் காது கேக்காது! இந்தப் பக்கம் வந்து பேசுங்க!" என்றேன். எனக்கு மெதுவாகப் பேசத் தெரியாது.

பின்னால் காலடிச் சத்தங்கள் நின்றன. அம்மாவின் கையிலிருந்த டிபன் கேரியர் ஒரு தரம் ணங்கென்றது. அந்த அண்ணன் என்னைப் பார்த்தார், சித்தியைப் பார்த்தார். சித்தி திரும்பினாள். பதறவில்லை, என்னை முறைக்கவும் இல்லை.

"ஆமாங்க. பன்னெண்டு வயசுல பொன்னுக்கு வீங்கி வந்துச்சு. அதுல இருந்து இடது காது கேக்காது" என்றாள். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

அவர் சுற்றிக்கொண்டு வலது பக்கம் வந்து, அதே கேள்வியை மறுபடி கேட்டார். நல்ல மனிதர்தான். நான் காரியத்தைச் சரி செய்துவிட்ட பெருமையில் ஆமைக்கே திரும்பப் போனேன்.

மரத்தடியில் பெட்ஷீட்டை விரித்துச் சாப்பிட்டோம். அம்மா எல்லோருக்கும் புளிசாதம் போட்டாள், யார் முகத்தையும் பார்க்கவில்லை. கேசரித் தட்டை நீட்டியபோது அந்த அம்மாள், "வாணாம்மா, எனக்குச் சக்கர நோவு" என்றார். காலையில் கலர் குடித்தீர்களே என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்பா ஒரு உருண்டைக் கேசரியை என் வாயில் அடைத்துவிட்டார்.

நான்கு நாள் கழித்து போன் வந்தது. ஜாதகத்தை வேறொரு ஜோசியரிடம் காட்டினார்களாம், சரியாகப் பொருந்தவில்லையாம். அம்மா ரிசீவரை வைத்துவிட்டு என் முதுகில் இரண்டு வைத்தாள். "கையை விடாதேன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே பாவி, விட்டுட்டு ஓடிட்டியே!" என்று அழுதாள். அடியைவிட அந்த அழுகை எனக்குப் பயமாக இருந்தது. அப்போதுதான் எல்லாம் அரைகுறையாகப் புரிந்தது. அது பிக்னிக் இல்லை. சித்தியின் கல்யாணம் என் வாயால் கெட்டுவிட்டது.

சித்தியும் அழுதாள். மறுநாள் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது பார்த்தேன். கல்லூரிப் பெண்போல் சிரித்துப் பேசிய அந்தக் கொஞ்ச நேரம் அவளுக்குப் பிடித்துத்தான் இருந்திருக்க வேண்டும். நான் அவளுடைய வலது பக்கமாகப் போய், இனிமேல் பேசவே மாட்டேன் சித்தி என்றேன். அவள் ஈரக் கையால் என் மூக்கைத் துடைத்துவிட்டு, "உன்னால இல்லடி" என்றாள். பெரியவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். நான் நம்பவில்லை.

இரண்டு வருஷம் கழித்து அவளுக்குக் கல்யாணம் நடந்தது. இப்போது வேப்பம்பட்டில் இருக்கிறாள், மகன் கல்லூரிக்குப் போகிறான். நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனாலும் எனக்கு அந்த உறுத்தல் போகவில்லை. ஏதாவது விசேஷத்தில் அவளைப் பார்த்தால் கேட்காமலே ஓடிப்போய் வேலை செய்வேன். ஏன் என்று அவளும் கேட்டதில்லை.

போன மாதம் ஆவடி ஸ்டேஷன் மேம்பாலத்தில் என் மகனைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எட்டு வயது. கீழே வந்து நின்ற ரயிலைப் பார்ப்பதற்காகக் கையை உதறி உதறி இழுத்தான். நான் கம்ப்யூட்டரில் தட்டுவதைத் தவிர வேறு வேலை தெரியாத ஆள், என் பிடியையே அவனால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பாதிப் பாலத்தில் அப்படியே நின்றுவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் வராத கை, கண்ணாடி வீட்டில் வராத கை, இரும்பு மாட்டுக்கு முன்னால் வராத கை, அந்த முகமில்லாத சிலைக்கு முன்னால் மட்டும் எப்படி வந்தது? என் காலி இடத்துக்கு அந்த அண்ணன் தானாக வந்து நின்றாரா, சித்தி நகர்ந்து வரவைத்தாளா, அதுவும் தெரியாது. அன்றைக்கே பதினாறு வருஷமாக யாரை எந்தப் பக்கம் நிறுத்த வேண்டும் என்று அறிந்தவள் அவள். என் வாயைப் பற்றியும் வீட்டில் அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

"உன்னால இல்லடி" என்று அவள் சொன்னதை இத்தனை வருஷம் நான் ஆறுதல் என்றே எடுத்துக்கொண்டிருந்தேன். அவள் நடந்ததைத்தான் சொல்லியிருக்கிறாள். அன்று கையை விட்டது நான் இல்லை.