கிளாம்பு இல்லாமல் இறங்கிய ஜீப்

காலை எட்டு மணி இருபது நிமிடம். பள்ளிக்குக் கிளம்பும்போது ரேடியோ மேசைக்கு அடியில் ஓர் இரும்புச் சட்டமும் இரண்டு போல்ட்டுகளும் கிடப்பதைப் பார்த்தேன். ஜீப்பின் பேட்டரியைத் தட்டில் அசையாமல் அமுக்கிப் பிடிக்கும் கிளாம்பு அது. ஜீப் மலைமேல் இருக்கும் எங்கள் அரியூர் நாட்டை விட்டுக் கிளம்பி இருபது நிமிடம் ஆகியிருந்தது. ஓட்டிப் போனவன் என் மகன்.

அப்போது எங்கள் பக்கம் மின்சாரம் இல்லை. முந்தின நாள் மாலைச் செய்தி கேட்க நான்தான் ஜீப்பிலிருந்து பேட்டரியைக் கழற்றி ரேடியோவுக்கு மாட்டினேன். எப்போதும் செய்வதுதான். விடிந்ததும் நானே திரும்ப வைத்துக் கம்பிகளை முறுக்கி பானெட்டை மூடினேன். மகனுக்கு அவசரம். அன்று நாமக்கல்லில் பிரேக் இன்ஸ்பெக்டரிடம் வண்டியைக் காட்டி, ஓடத் தகுதியானது என்ற எஃப்.சி. சான்று வாங்க வேண்டும்.

போன முறை நானும் கூடப் போயிருந்தேன். இன்ஸ்பெக்டர் பேட்டரியை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடக் கூடாது, ஆசிட் ஒழுகக் கூடாது, முனைகள் மூடியிருக்க வேண்டும் என்றார். மலையில் ஓடும் வண்டி என்று தெரிந்ததும், வளைவில் பேட்டரி சாய்ந்து முனை இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும், பெட்ரோல் குழாய் பக்கத்திலேயே இருக்கிறது என்றும் சொன்னார். இத்தனை நாள் மறந்திருந்த அந்தப் பேச்சு இப்போது ஒரு சொல் விடாமல் நினைவுக்கு வந்தது.

மனைவியிடம், இன்ஸ்பெக்டருக்கான காகிதம் ஒன்றைக் கொடுத்தனுப்ப மறந்துவிட்டேன் என்று பொய் சொன்னேன். பள்ளியை உதவி ஆசிரியரிடம் ஒப்படைத்துவிட்டு, கிளாம்பைப் பையில் போட்டுக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்கினேன். சாலை சுற்றிச் சுற்றிப் போகும். பாதை நேரே இறங்கும். ஆனாலும் ஜீப்பைப் பிடிக்க முடியாது என்று தெரியும். வீட்டில் உட்கார முடியவில்லை, அவ்வளவுதான்.

அடிவாரத்தில் டீக்கடையை அடைந்தபோது பத்தரை. ஒன்பதரைக்குள் ஜீப் அந்தக் கடையைத் தாண்டியிருக்க வேண்டும்.

"எறங்கற வண்டி எதுவும் என் கண்ணத் தப்பாதுங்க, வாத்தியாரே. இன்னிக்கு ஒரு லாரிதான் வந்துது. உங்க ஊட்டு ஜீப்பு வரலீங்க" என்றார் கடைக்காரர்.

கொஞ்ச நேரத்தில் மிளகு மூட்டை சுமந்தபடி ஒருவர் மலையிலிருந்து இறங்கி வந்தார். அவரிடம் விசாரித்தேன்.

"மேல ஒரு வளைவுல நிக்குதுங்க சாமி. மூடி தொறந்து கெடக்குது. ஆளக் காணோம்."

புகை வந்ததா என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கவனிக்கவில்லை என்றார். குடித்துக்கொண்டிருந்த டீயைப் பாதியில் வைத்தேன். எழுந்து சாலை வழியே மேலே நடந்தேன். "ஏனுங்க, அத்தன வளைவையும் நடந்தே எண்ணப் போறீங்களா?" என்று கடைக்காரர் பின்னாலிருந்து கேட்டார். வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

கீழிருந்து இரண்டாவது வளைவைத் தாண்டியபோது எஞ்சின் சத்தம் கேட்டது. மாட்டு வண்டியைவிட மெதுவாக ஜீப் வந்தது. மகன் நிறுத்தி இறங்கினான். சட்டையில் ஆசிட் பட்டு மூன்று நான்கு ஓட்டைகள். உடம்பில் காயம் எதுவும் இல்லை. இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் நம்பினேன்.

கிளாம்பை எடுத்து நீட்டினேன். அவன் பானெட்டைத் திறந்தான். பேட்டரியைக் காட்டுக்கொடியால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தான். கொடியை அறுத்துவிட்டுக் கிளாம்பைப் பொருத்தி முடுக்கினோம். அன்று பிற்பகல் எஃப்.சி. கிடைத்துவிட்டது. ஆனால் அந்த வளைவில் நின்றபோது இருவருக்குமே அதைப் பற்றிய நினைப்பு இல்லை.

"மொத வளைவுலயே சத்தம் கேட்டுதுங்கப்பா. தொறந்து பாத்தா சாஞ்சு கெடக்குது" என்றான். "காட்டுக்குள்ள போயி கொடி அறுத்துட்டு வந்து கட்டினேன். அப்பறம் வளைவுக்கு வளைவு எறங்கிப் பாத்துப் பாத்துத்தான் வந்தேன்."

பானெட்டை மூடிவிட்டு என் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

"ஏறி உக்காருங்கப்பா. இனித் தனியா ஓட்ட மனசு வரலீங்க."