கழுத்தில் கிடந்த காசு

வெள்ளிக்கிழமை காலை தண்டையார்பேட்டை மார்க்கெட்டில் சங்கரா மீனுக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. "கபூர் பாய் மௌத்தாயிட்டாரு, சார்" என்றார் அவருடைய மருமகன். மீனை அப்படியே விட்டுவிட்டு, கடைசியாக ஒருமுறை அவர் முகத்தைப் பார்க்க ஓடினேன். ராயபுரத்தில் ஞாயிறுதோறும் பழைய காசுகளோடு கூடுகிற நம் கூட்டத்தில் அவரைத் தெரியாதவர்கள் இல்லை. ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாத்தாங்காட்டில் இரும்புக் கடை வைத்திருந்தவர். காசு கைக்கு வந்ததும் நாமெல்லாம் தலையைப் பார்ப்போம், அவர் ஓரத்தைப் பார்ப்பார். "மூஞ்சிய எல்லாரும் நல்லாத்தான் பண்ணுவானுங்கோ. ஓரத்துலதான் சோம்பேறித்தனம் தெரியும்" என்பார். வார்த்த கள்ளக் காசில் ஓரத்து வரிகள் மழுங்கியிருக்கும், நடுவே ஒட்டுக்கோடு ஓடும். புதிதாக வந்த ஒருவர் காந்தத்தை வைத்துக் காட்டி, ஒட்டவில்லை, வெள்ளிதான் என்று அடித்துச் சொன்னார். "ஈயங்கூடத்தான் ஒட்டாது. வாங்கிக்கிறியா?" என்று கேட்டார் பாய். காந்தம் பைக்குள் போனது.

எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. நல்ல வெள்ளி கணீரென்று பாடும், அதனால் கல்லில் போட்டுச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவேன். அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. காசிமேட்டிலிருந்து ஒரு பெண் ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய் ஒன்றை என் வீட்டுக்குக் கொண்டுவந்தார். செத்துப்போன தன் அம்மாவின் காசு, இத்தனை நாள் அண்ணி மேரியிடம் இருந்தது என்றார். போட்டுப் பார்த்தேன். ‘டொக்’கென்றது. "பொய்க் காசும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு மேரி அதே காசோடு கூட்டத்துக்கு வந்ததை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "நாத்தனா இத்த எங்கிட்டயே வுட்டெறிஞ்சிட்டு, நல்ல காச நான் எடுத்துக்கினு பொய்க் காச வச்சிட்டேன்றாங்க சார். மாமியாருக்குக் கடைசி வரைக்கும் நான்தான் கஞ்சி ஊத்தினேன். இப்போ தெருவே என்னத் திருடின்னு பாக்குது" என்றார்.

பாய் காசை வாங்கி ஓரத்தை நகத்தால் தடவிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நகம் தட்டியது.

"உங்க மாமியா இத்த கழுத்துல போட்னு இருந்தாங்களாம்மா?"

"ஆமா பாய், கறுப்புக் கயித்துல. வளையம் உட்டுப்போனதும் கயட்டி வச்சிட்டாங்க."

லென்ஸை என்னிடம் கொடுத்தார். வளையம் பற்றவைத்த இடத்தில் குருணை அளவு பொட்டு மிச்சமிருந்தது, பக்கத்தில் மயிரிழை விரிசல். மற்றபடி ஓரத்து வரிகள் ஒழுங்காக இருந்தன. நெஞ்சில் உரசிய பின்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது.

"நல்ல வெள்ளி, நைனா. பத்த வச்சதுல தொண்ட கட்டிக்கினுகீது. அத்தப் போயி பாடச் சொல்லிகீற."

"போன் பண்ணி நாத்தனார்கிட்ட சொல்லிடறேன், பாய்."

"போன்லயா இவங்களத் திருடின்னாங்கோ? நாலு பேரு முன்னால சொன்னாங்கோ. வா, போலாம்."

அப்போதே போனோம். மேரியின் வீட்டு வாசலில், நாத்தனாரும் தெருக்காரர்களும் நிற்க, "காசு நல்ல காசு. நான் அவசரப்பட்டுத் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்றேன். நாத்தனார் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். மேரி அதற்குப் பிறகுதான் வாசற்படியில் உட்கார்ந்தார். பாய் சற்றுத் தள்ளி நின்றார். திரும்பும் வழியில் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அங்கே நடந்ததைக் கடைசி வரை யாரிடமும் அவர் சொன்னதில்லை.

அவருடைய தோஸ்து என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அவ்வளவு பெருமை. அவருடைய கண் எனக்கு வரவில்லை, பொறுமையும் பாதிதான் வந்தது. ஆனால் என் தப்பால் ஒருத்தர் எத்தனை பேர் முன்னால் தலைகுனிந்தாரோ அத்தனை பேர் முன்னால் அதை ஒப்புக்கொள்ள எனக்கு வாய் வருகிறது. அது கபூர் பாய் கொடுத்தது.