பக்கவாட்டுக் கதவில் ஒரு சங்கிலி

கால்பந்து மைதானத்தின் கிழக்கு வாசலில் பைகளைச் சோதித்து ஆட்களை உள்ளே விடுவது அவள் வேலை. ஆட்டம் பார்க்க வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் ‘சல்லடை’. அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு குண்டூசிகூட உள்ளே போக முடியாது என்பார்கள். தையல்காரரான அவள் கணவர் இன்னும் ஒரு படி மேலே போய், “தூக்கத்துலகூட என் சட்டைப் பையத் தடவிப் பாத்துட்டுத்தான் திரும்பிப் படுப்பா” என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அவளுக்குச் சிரிப்பு வராது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், பக்கத்து வரிசையில் நின்ற காவலாளி, ஆட்டம் பார்க்க வந்த ஒருத்தனுடைய பால்புட்டிப் பையை, கைக்குழந்தைக்காரன்தானே என்று திறக்காமல் விட்டுவிட்டார். அதற்குள் வெடி இருந்தது. கோல் விழுந்ததும் அவன் கொளுத்தி எறிய, முன்வரிசைப் பெண்ணொருத்திக்கு ஒரு காது போயிற்று. அன்றிலிருந்து சல்லடைக்குக் குழந்தையும் ஒன்றுதான், கிழவரும் ஒன்றுதான். “பையத் திற.” அதற்கு மேல் ஒரு சொல் பேசமாட்டாள்.

கிழக்குப் படிவரிசையின் கோடியில், கழிப்பறைகளைத் தாண்டி, ஒரு பக்கவாட்டுக் கதவு உண்டு. ஆட்டம் நடக்கும்போது அதற்குத் தாழ் மட்டும்தான், பூட்டுக் கூடாது. மேல்வரிசைக்காரர்கள் அவசரமாக வெளியேற அதுதான் வழி. ஒருநாள் இடைவேளையில் முகம் கழுவப் போனவள், அந்தக் கதவில் சங்கிலி சுற்றிப் பூட்டுத் தொங்குவதைக் கண்டாள். யாரைக் கேட்டாலும் கையை விரித்தார்கள். ஆட்டம் முடிந்து வந்து பார்த்தால் சங்கிலியைக் காணோம். அடுத்த ஆட்டத்திலும் அதே கதைதான்.

அவள் சந்தேகம் நேராகப் புல்லுக்காரர் மேல் போய் உட்கார்ந்தது. மைதானத்தின் புல்லைப் பார்த்துக்கொள்பவர் அவர். யாரோடும் ஒட்டமாட்டார். நீளமான கித்தான் பையில் என்னென்னவோ இரும்புச் சாமான்களைச் சுமந்து திரிவார். கூட்டம் வந்து புல்லோரத்தை மிதிக்கிறது என்று அவருக்கு எப்போதும் ஒரு முறைப்பு. பூட்டி வைத்தால் இவர்தான் வைத்திருப்பார். காலைதோறும் எல்லோர் முன்னாலும் அவர் பையை வாங்கித் துழாவினாள். ஒருநாள் அவர் பொறுமையிழந்து பையைத் தலைகீழாகக் கொட்டிவிட்டு, “இன்னும் என் வயித்தத்தான் கிழிச்சுப் பாக்கல” என்றார்.

அடுத்த முறை சங்கிலி தொங்கியபோது அவள் நெருங்கிப் போய்க் கையில் எடுத்துப் பார்த்தாள். சங்கிலிமேல் பச்சை ரப்பர் குழாய்த் துண்டு மாட்டியிருந்தது; இரண்டு முனையிலும் கறுப்பு நூல் கட்டு. நூல் அவள் கணவர் கடை நூல். முடிச்சு அவள் போட்ட முடிச்சு. அவள் அண்ணன் கடைச் சரக்கு ஏற்றும் தள்ளுவண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்தபோது, சங்கிலி உரசிக் கீறக்கூடாது என்று அவளே கட்டிக்கொடுத்தது.

அண்ணனுக்கு மைதானத்துக்குள்ளேயே டீக்கடை. இந்த வேலைக்கு அவளைச் சிபாரிசு செய்ததும் அவன்தான். யாரோ சங்கிலியைத் திருடி அவனை மாட்டிவிடப் பார்க்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். ஊரார்மேல் ஓட்டமாய் ஓடுகிற சந்தேகம், கூடப்பிறந்தவன் பக்கம் திரும்பியதும் காலைப் பின்னுக்கு இழுத்தது.

கூட்டம் கலைந்த பிறகு கடைக்குப் போனாள்.

“அண்ணா, உன் வண்டிச் சங்கிலி எங்க?”

“ஏன், வண்டியிலதான்.”

“கதவுல தொங்கிச்சு.”

அவன் வடிகட்டியை ஓரமாகத் தட்டினான். “மெதுவாப் பேசு. கதவு தெறந்து கெடந்தா இடைவேளையில பாதிப் பேரு வெளிக் கடைக்குப் போயிடறான். என் டீய யாரு குடிப்பா? டிக்கெட் இல்லாதவன் வேற அந்த வழியா நுழையறான். உனக்கும் நல்லதுதானே?”

“நெருப்பு கிருப்புன்னா?”

“சாவி என் பாக்கெட்லதான இருக்கு? ஓடி வந்து தெறக்க மாட்டனா?”

“கூட்டம் நெரிக்கும்போது எந்தப் பக்கமா ஓடி வருவ?”

அவன் வடிகட்டியைக் கீழே வைத்தான். “சரி தாயி, இனிமே பூட்டல. அம்மா மேல சத்தியம்.”

சின்ன வயதிலிருந்தே எடுத்ததற்கெல்லாம் அம்மாவைப் பணயம் வைத்துப் பழகியவன் அவன்.

அடுத்தது பெரிய ஆட்டம். மேல்வரிசைவரை தலைகள். வானம் கறுத்துக்கொண்டு வந்தது. ஆட்டம் தொடங்குமுன் அவள் போய்ப் பார்த்தாள். கதவில் தாழ் மட்டும்தான் இருந்தது. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. விசில் ஊதிய கொஞ்ச நேரத்தில், வாசலைப் பக்கத்திலிருந்தவளிடம் ஒப்படைத்துவிட்டு மறுபடி போனாள். சங்கிலி இருந்தது. பூட்டு மட்டும் புதிது. கடைக்கு ஓடினால் அண்ணன் இல்லை; சரக்கு எடுக்கப் போயிருக்கிறார் என்றான் வேலையாள்.

வேறு வழியில்லாமல் புல்லுக்காரரின் கொட்டகை வாசலில் போய் நின்றாள்.

“இரும்பு வெட்டுற கத்திரி இருக்கா?”

“காலையில என் பையில பாத்தியே, இருந்துச்சா?”

“இருந்துச்சு.” அவள் குரல் இறங்கியது. “மனசுல வெச்சுக்காதீங்க அண்ணே. பக்கவாட்டுக் கதவு பூட்டிக் கெடக்கு.”

அவர் உடனே எழுந்திருக்கவில்லை. அவளை ஏற இறங்கப் பார்த்தார். “வெட்டினது நான்னு நாளைக்கு என் தலையில கட்டிட மாட்டியே?”

“வெட்டறது நான். நீங்க சாட்சிக்கு வாங்க.”

முதல் அழுத்தலில் கத்திரி வழுக்கியது. இரண்டாவது முறை முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினாள். சங்கிலி அறுந்து காலடியில் விழுந்தது.

அப்போதுதான் காற்று வந்தது. கூரைத் தகரத்தின் ஒரு மூலை பிய்ந்து கிறீச்சிட்டது. “கூரை விழுது!” என்று யாரோ கத்த, மேல்வரிசைகள் ஒரே நேரத்தில் எழுந்தன. படிக்கட்டு தெரியவில்லை, தலைகள்தான் தெரிந்தன. கதவைத் திறந்து, அவள் ஒரு பாதியையும் புல்லுக்காரர் மறு பாதியையும் பிடித்துக்கொண்டார்கள்.

“வாங்க, வழி இருக்கு! ஓடாதீங்க! குழந்தையத் தூக்கிக்குங்க! பெரியவரே, கைப்பிடியப் பிடிச்சுக்கிட்டு வாங்க!”

இத்தனை ‘வாங்க’ அவள் வாயிலிருந்து வந்ததே இல்லை. தொண்டை கட்டும்வரை கத்தினாள். சிலருக்குக் கால் சுளுக்கியது. பலர் செருப்பை விட்டுவிட்டுப் போனார்கள். தகரம் விழுந்தபோது அதன் கீழே வெறும் இருக்கைகள்தான் இருந்தன.

மறுநாள் அலுவலக மேலாளரின் மேசையில் சங்கிலியை வைத்து, அது யாருடையது, நூல் கட்டியது யார் என்றும் சொன்னாள். சொல்லும்போது அண்ணன் முகம் கண்ணுக்குள் வராமல் இருக்கச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேலாளர் சாய்ந்து உட்கார்ந்தார். “உங்க அண்ணன் சங்கிலி. நீங்க கட்டின நூல். உங்க வாசலுக்குப் பக்கத்துக் கதவு. இவ்வளவு நாளா உங்களுக்குத் தெரியாது, இல்ல?”

விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். “சல்லடைன்னா ஓட்டை இருக்கத்தான செய்யும்” என்று காவலாளிகள் சிரித்தது அவள் காதிலும் விழுந்தது. வீட்டில் கணவர் மிஷினை மிதித்துக்கொண்டே, “என்னையும் நம்ப மாட்ட. ஆனா நான் உன்னை நம்பறேன்” என்றார். அவள் அப்போதுதான் அழுதாள்.

புல்லுக்காரர் யாரும் கூப்பிடாமலே மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னார். பாதி நம்பி, பாதி நம்பாமல், அவளைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இம்முறை அந்தப் பக்கவாட்டுக் கதவுக்கே. அண்ணனின் கடை போயிற்று. இப்போது பேருந்து நிறுத்தத்தில் தள்ளுவண்டி. அவள் கடந்து போனால் அடுப்பைப் பார்த்துக் குனிந்துகொள்வான். அம்மா அவன் வீட்டில்தான். அவள் போன் செய்தால் அடித்து அடித்து ஓயும்.

காலையில் புல்லுக்காரர் பையைத் தானே திறந்து நீட்டுவார். “இப்பவுமா?”

“இப்பவும்தான் அண்ணே. வாங்க.”

மழை விட்டிருந்த ஒரு மாலை ஆட்டத்துக்கு அண்ணி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். வாசலில் கூட்டம் அதிகமாகி, ஒரு வரிசையைப் பக்கவாட்டுக் கதவுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். யாரிடம் போய் நிற்கிறோம் என்று தெரியாமலே வந்துவிட்டாள். நேருக்கு நேர் பார்த்ததும் முகம் இறுகியது. பையை முன்னால் தள்ளினாள்.

“வாங்க அண்ணி.”

“நல்லாப் பாரு. அடியிலயும் பாரு. உனக்குத்தான் சொந்தம் பந்தம் கெடையாதே.”

அவள் கை ஒரு கணம் நின்றது. பிறகு பையைத் திறந்து தண்ணீர்ப் புட்டியை எடுத்தாள், துண்டை உதறினாள், அடியிலும் பார்த்தாள். எல்லாவற்றையும் இருந்தபடியே அடுக்கி, ஜிப்பை இழுத்துக் கொடுத்தாள்.

“மூணாவது வரிசையில ஈரமில்ல. பாப்பாவ அங்க உக்கார வைங்க” என்றாள்.

அண்ணி படியேறினாள். மூன்றாவது வரிசையைப் பார்த்தாள், தயங்கினாள், தாண்டிப்போய் நான்காவதில் உட்கார்ந்தாள். சல்லடை அதைப் பார்த்துவிட்டு, வரிசையில் அடுத்து நின்றவரை நோக்கிக் கையை நீட்டினாள்.