வானடியில் நான் கட்டிய சுவர்

மீன் ஏறும் வழியை மறித்து நான் ஒரு சுவர் கட்டினேன். தவறுதலாக அல்ல, தெரிந்தே கட்டினேன். தூண்டில் போட வசதியாக இருக்கும் என்பதுதான் காரணம். குளங்களில் வேலை செய்யும் இளம் உத்தியோகத்தர்கள் இதை வாசிக்கக்கூடும் என்பதால் எதையும் மழுப்பாமல் எழுதுகிறேன்.

1. சுவர்

அப்போது நான் திருகோணமலை மாவட்டத்தில் சிறு குளங்களைப் பார்க்கும் ரி.ஓ., அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தர். கிளிவெட்டிப் பக்கம் ஒரு குளம் என் பொறுப்பில் இருந்தது. குளம் நிரம்பினால் மிகுதி நீர் வழிந்தோடும் இடத்தை நாங்கள் வான் என்போம். அந்த வானுக்குக் கீழே பழைய கருங்கற்கள் சரிவாகக் கிடந்தன. கோடையில் குளம் வற்றி நிலம் வெடித்துவிடும். மாரியில் முதல் வான் பாயும்போது, கீழே ஆற்றில் தங்கியிருந்த கெண்டையும் கெளுத்தியும் விராலும் சினை வயிற்றோடு அந்தக் கற்களுக்கிடையால் நீரை எதிர்த்து ஏறும். குளத்தின் புல் மூழ்கிய ஓரங்களில் போய் முட்டையிடும்.

ஒரு வெள்ளம் கற்களை இழுத்துக்கொண்டு போனது. பழையபடி கற்சரிவு போடலாம், அல்லது ட்ரொப் வோல் என்னும் நேர்குத்தான சுவர் ஒன்று கட்டலாம். எதைக் கேட்டிருந்தாலும் அலுவலகம் தந்திருக்கும். நான் சுவரைக் கேட்டேன்.

எனக்குத் தூண்டில் பைத்தியம். கூட்டாளி மூதூரில் ஹாட்வெயார் கடை வைத்திருக்கும் நசீர் நானா. சுவர் எழும்பிய மாரியில் மீனெல்லாம் அதன் அடியில் வந்து குவிந்தது. துள்ளி, சீமெந்தில் அடிபட்டு விழுந்து, திரும்பவும் துள்ளியது. நாங்கள் இழுத்து இழுத்துக் கை ஓய்ந்தோம்.

“சேர், இது சுவரில்ல. நீங்க எங்களுக்குக் கட்டித் தந்த சந்தை” என்றார் நானா.

நான் சிரித்தேன். மண்ணரிப்பைத் தடுக்கவே சுவர் என்று கோப்பில் எழுதியிருந்தேன். அதுவும் பொய்யில்லை. அதனால்தான் அத்தனை காலம் என்னால் நிம்மதியாக இருக்க முடிந்தது.

2. சரிவு

நான் ஓய்வு பெறுவதற்கு முன்பே குளத்தில் மீன் அற்றுப்போயிற்று. தண்ணீர் வற்றும் நாளில் சனம் இறங்கிக் கரப்புக் குத்தும் குளம் அது. அடி திறந்த கூடையைச் சேற்றில் குத்தி, மேல்வாயால் கைவிட்டு மீனைத் துழாவி எடுப்பார்கள். பிறகு பிறகு கைக்குச் சேறுதான் வந்தது. வானடியிலும் தூண்டில் அசையவில்லை. ஒருநாள் அங்கே வெறும் வாளியோடு இருந்தபோது நானா சொன்னார்:

“நாம புடிச்சதெல்லாம் தாய் மீன், சேர். பின்ன குஞ்சு எங்க இருந்து வரும்?”

அந்தச் சந்தைக் கதையை அவர் அதற்குப் பிறகு எடுத்ததே இல்லை.

நான் ஓய்வு பெற்றபின், மூதூரிலும் கிண்ணியாவிலும் இருந்த தூண்டில்காரரை நானாதான் திரட்டினார். சுவரில் சாய்த்துத் திரும்பக் கற்சரிவு போடுவது என்று முடிவாயிற்று. இப்போது அந்தப் பகுதிக்குப் பொறுப்பான பொறியியலாளர் ஒரு பெண். நான் கீறிக் கொடுத்த படத்தைப் பார்த்து, நடுநடுவே மீன் நின்று இளைப்பாறச் சின்னக் கிடங்குகள் விடச் சொல்லி அனுமதி தந்தார்.

மிஞ்சியது வட்டவிதானையார் சிவலிங்கம். குளத்து நீரை வயல்களுக்குப் பங்கிடுபவர் அவர். முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் சம்மதித்தார்.

“எங்கட தண்ணி குறையப்படாது. முதல் வானில மீன் ஏறாட்டி, கல்லு முழுக்க நீங்களே அள்ளிக்கொண்டு போகோணும்.”

கோடை முழுக்கக் கல் சுமந்தோம். நானா கடையைப் பூட்டிவிட்டு வந்தார்.

3. முதல் வான்

போன மாரியில் ஒரு காலை விதானையார் போன் எடுத்தார். “வான் பாயுது” என்றார், அவ்வளவுதான். மூதூரில் நானாவையும் ஏற்றிக்கொண்டு ஓட்டோவில் போய் இறங்கினோம். மழை விடவில்லை. தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரைத்துக் கற்களின் மேல் பாய்ந்தது. வேறொன்றும் தெரியவில்லை.

திடீரென நானா என் கையைப் பிடித்தார். கீழ்க் கிடங்கில் ஒரு கெண்டை மின்னியது. அடுத்த கிடங்கில் இரண்டு. பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை! கற்களின் இடுக்கெல்லாம் வெள்ளி வெள்ளியாக நெளிந்தது. ஒரு கெளுத்தி வயிற்றைத் தேய்த்துக்கொண்டு ஏறியது. நடுவில் ஒரு விரால், கறுத்த முதுகை வெளியே காட்டிக்கொண்டு, தண்ணீரைக் கிழித்தபடி மேலே போனது. நானும் நானாவும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அதன் கூடவே கரையில் ஓடினோம்.

உச்சியில் அது ஒரு பலகையில் முட்டி விழுந்தது.

வானின் மேல் விவசாயிகள் பலகை செருகி வைத்திருந்தார்கள். வயலுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் தேக்கும் வழக்கம் அது. சரிவின் உயரத்துக்கு நாங்கள் லெவல் எடுத்தது கோடையில். பலகைகள் அப்போது ஏதோ ஒரு வயல் கொட்டிலில் கிடந்தன. இத்தனை வருடம் குளம் பார்த்த நான் அவற்றை மறந்துபோனேன். ஏறிய மீனெல்லாம் மேல் கிடங்கில் நெருங்கி முட்டிக்கொண்டிருந்தது. பழைய சந்தை, இந்தமுறை மேலே.

விதானையார் குடையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“ஒண்டு கேக்கிறன், ஐயா. கல்லுச் சரிவு நல்லாத்தானே இருந்தது. ஏன் அண்டைக்குச் சுவர் கட்டினனீங்கள்?”

மண்ணரிப்பு என்று வாய் வரை வந்தது.

“மீன் பிடிக்க” என்றேன். “அடியில குவியும் எண்டு தெரிஞ்சுதான் கட்டினனான்.”

நானா தலையைக் குனிந்துகொண்டார். விதானையார் என்னைப் பார்க்கவேயில்லை. மீனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எங்கட சனம் சேத்துக்குள்ள கரப்புக் குத்திப்போட்டு வெறுங்கையோட வீட்ட போனது, ஐயா.”

“ஓம்” என்றேன்.

அவர் குடையை மடக்கி என் கையில் தந்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வானில் இறங்கி, நடுப்பலகை ஒன்றைப் பிடுங்கிக் கரையில் எறிந்தார். தண்ணீர் அந்த இடைவெளியால் திரண்டு வந்தது. அடுத்த கணம் அந்த விரால் குளத்துக்குள் இருந்தது. அதன் பின்னால் மற்றவை.

“மழை நிக்கேல்ல. எங்கட தண்ணி திரும்ப வரும்” என்று நனைந்தபடியே சொன்னார். “ஆனா வானடியில இனித் தூண்டிலக் கண்டா முறிப்பன். உங்கட எண்டாலும்தான்.”

இந்தக் கோடையில் குளம் வற்றும் நாளில் கரப்புக் குத்தினார்கள். நிறைய இல்லை, ஆனால் விரால் இருந்தது. நான் கரையில் நின்று பார்த்தேன். ஒருவரும் எனக்கு மீன் தரவில்லை, நானும் கேட்கவில்லை.

இளையவர்களுக்கு ஒன்று சொல்லலாம். படம் கீறும்போது உங்கள் ஆசை எந்தக் கோட்டில் ஒளிந்திருக்கிறது என்று பாருங்கள். கோப்பு அதைக் கண்டுபிடிக்காது.

நேற்று விதானையார் போன் எடுத்தார்.

“ஐயா, வான் பாயுது. பலகை எடுத்தாச்சு. தூண்டில வீட்ட வைச்சிட்டு வாங்கோ.”