அந்தக் கதையில் பேசியது என் மனைவி

நான் ஒட்டுக்கேட்டேன்.

என் மனைவி பியூலா, கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு தன் அக்காவிடம் தொலைபேசியில் பேசியதையெல்லாம் பக்கத்து அறையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கேட்டேன். கேட்டதைக் கதையாக எழுதினேன். அது அவளுக்குத் தெரியவந்த நாளில், பழியை அவள் அக்கா மீது போட்டேன்.

நீங்கள் படித்தீர்களே, கைக்குழந்தையைத் தொட்டிலில் விட்டுவிட்டு ஏதோ ஒரு பேருந்தில் ஏறிப் போய்விடும் இளம் தாயின் கதை… அதுதான். "ஓர் ஆண் எப்படி ஒரு தாயின் மனதுக்குள் இவ்வளவு தூரம் போக முடிந்தது?" என்று எனக்கு எழுதினீர்கள். நான் எங்கும் போகவில்லை. ஒரு மைக்கை வைத்தேன், அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில் எங்கள் வீடு. சென்னை நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே மென்பொருள் எழுதுகிறேன். மீதி நேரத்தில் பாட்டு கேட்பேன்; மின்நூல் கருவியில் படிப்பேன். ஒரே நேரத்தில் பல நூல்களைத் திறந்து வைத்து எதையும் முடிக்காதவன். கதைகளும் எழுதுவேன். இணைய இதழ்கள் சில வெளியிட்டன. யாரும் படித்ததாகத் தெரியவில்லை. பியூலா ஆசிரியை. பிரசவ விடுப்பில் இருந்தாள்.

மகள் பிறந்ததும் மற்ற அப்பாக்கள் தொட்டில் வாங்குவார்கள். நான் கையடக்கமான ஒரு கணினிப் பலகையை வாங்கினேன். அதோடு ஒரு மைக்கை இணைத்துத் தொட்டிலுக்கு மேலே மாட்டினேன். குழந்தை அழுதால் என் கைபேசி அதிரும். அறையின் வெப்பம் எவ்வளவு என்றும் சொல்லும்; கேட்கும் சத்தத்தைப் பதிந்தும் வைக்கும்.

பியூலா அதை அண்ணாந்து பார்த்தாள்.

"பிள்ள அழுதா எனக்குத் தெரியாதாக்கும்? இதுக்கு ஒரு மிஷினா?"

"நீ வெளிய இருக்கப்ப உதவும்லா."

"நான் உள்ள இருக்கும்போதும் இது கேட்டுக்கிட்டே இருக்குமா?"

"இல்ல. நீ உள்ள வந்தா அதுவே அணைஞ்சிரும்."

பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. அப்படி அணைந்துபோகும்படி நிரல் எழுதவேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். சின்ன வேலை. நாளைக்குச் செய்வோம், வாரக்கடைசியில் செய்வோம்… செய்யவேயில்லை. ஒரு நூலைப் பாதியில் விடுவதுபோல அதையும் விட்டேன். என்னைப் பற்றி எனக்கு எரிச்சல் தருவது எது தெரியுமா? நான் பெரிய சதிகாரன்கூட இல்லை. சோம்பேறி. சோம்பேறித்தனத்திலிருந்துதான் எல்லாம் தொடங்கிற்று.

முதலில் கேட்டது பாட்டு. கீர்த்தனை மெட்டொன்றில் குழந்தையின் பெயரைப் போட்டு அவளாக எதையோ கோர்த்துப் பாடிக்கொண்டிருந்தாள். என் முன்னால் அவள் பாடியதே இல்லை. வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டேன். எழுந்துபோய் மைக்கை அணைத்திருக்கவேண்டும். பாட்டுக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுநாளும் கேட்டேன்.

பிறகு ஒரு பிற்பகலில், மடியில் குழந்தை இருந்ததால் கைபேசியை ஒலிபெருக்கியில் போட்டு அக்காவிடம் பேசினாள். அக்கா கிரேஸ் ஸ்ரீவைகுண்டத்தில் இருக்கிறார். கணவருக்கு வாழைத்தார் வியாபாரம். நான் அவரை மைனி என்பேன். இவர்களுக்குத் தாய் இல்லை, அக்காதான் எல்லாம்.

அன்று பியூலா என்ன சொன்னாள் என்பதை இங்கே எழுதமாட்டேன். இதை எழுதலாமா என்று அவளிடம் கேட்டபோது, "என் முகத்தப் பாத்து நான் சொன்னத மட்டும் எழுதுங்க" என்றாள். அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தை பிறந்தால் தானாக வரும் என்று எல்லோரும் சொன்ன பிரியம் அவளுக்கு வரவில்லை. அது அவளைப் பயமுறுத்தியது. எங்காவது போய்விட வேண்டும் போலிருந்தது. அதை ஒரேயொரு மனுஷியிடம் சொன்னாள். மைனி திட்டவில்லை, ஜெபம் பண்ணு என்று சொல்லி முடித்துவிடவும் இல்லை. தனக்கும் முதல் பிள்ளைக்கு அப்படித்தான் இருந்தது என்றார். ஞாயிறன்று வருகிறேன் என்றார்.

ஒரு சுவர்தான் எங்களுக்கு நடுவில். நான் எழுந்து போயிருக்கலாம். குழந்தையைக் கையில் வாங்கியிருக்கலாம். அவளை மருத்துவரிடம் கூட்டிப்போயிருக்கலாம்.

நான் என்ன செய்தேன்? அவள் சொன்ன ஒரு வாக்கியத்தைத் தட்டச்சு செய்து வைத்துக்கொண்டேன். 'எவ்வளவு நல்ல வாக்கியம்' என்று நினைத்தேன். என் மனைவி அழுதுகொண்டிருந்தாள்… நான் அவள் வாக்கிய அமைப்பை ரசித்துக்கொண்டிருந்தேன்!

அதன்பின் தினமும் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மைனி ஆராதனை முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வருவார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் பேசுவார்கள். வெளியே வரும்போது பியூலாவின் முகத்தில் ஒரு தெளிவு இருக்கும். ரெண்டு வாய் கூடுதலாகச் சாப்பிடுவாள்.

கதையை எழுதினேன். பெயரை மாற்றினேன், ஊரை அம்பாசமுத்திரம் ஆக்கினேன். பேருந்து, பாபநாசத்து ஆற்றங்கரை, திரும்பி வருதல் ஆகியவை என் கற்பனை. அந்தப் பெண் தனக்குள் பேசுகிற பேச்செல்லாம் பியூலாவுடையது. நடுவே மைனி சொன்னதும் இருந்தது.

அப்புறம் நீங்கள் படித்தீர்கள். பாராட்டினீர்கள். யாரோ ஒருவர் அதை உருகி உருகி வாசித்து, பின்னணியில் வீணையை ஓடவிட்டு இணையத்தில் ஏற்றினார். எப்படி எழுதினீர்கள் என்று கேட்டவர்களுக்கு, "கவனிப்பதுதான் எழுத்து" என்று பதில் போட்டேன். அந்தப் பதிலை இப்போது படித்தால் கைபேசியைச் சுவரில் எறியத் தோன்றுகிறது. கவனிப்பதாம்…

பியூலா என் கதைகளைப் படிப்பதில்லை என்ற தைரியம் எனக்கு இருந்தது. ஆனால் அவள் பள்ளிக்கூடத்து ஆசிரியை ஒருத்தி, படித்து அழுதேன் என்று சொல்லி அவளுக்கே அனுப்பிவைத்தாள்.

பியூலா என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் கைபேசி.

"இது நீங்களா யோசிச்சு எழுதினதா?"

"ஆமா. கததான."

"கத இல்ல. இதுல நான் பேசுதேன்."

நான் திரையைப் பார்த்தேன்.

"அக்கா உங்கட்ட சொன்னாளா?"

தொட்டிலுக்கு மேலே மாட்டியிருந்த மைக்கை அவள் நினைக்கவே இல்லை. அணைந்துவிடும் என்று நான் சொன்னதை நம்பியிருந்தாள். சந்தேகப்பட அவளுக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஆள்தான்.

"கேக்கேன்லா. அக்கா சொன்னாளா?"

"அவங்க உன்ன நெனச்சு கவலப்பட்டுத்தான்…"

வாக்கியத்தைக்கூட முடிக்கவில்லை. பாதி வாக்கியம் போதுமானதாக இருந்தது.

சண்டை ஒன்றும் நடக்கவில்லை. அன்றைக்கே மைனியை அழைத்து, "இனிமே நீ இங்க வர வேண்டாம்" என்றாள். தான் சொல்லவில்லை என்று மைனி மறுத்திருப்பார். "அப்ப காத்து வந்து சொல்லிச்சாக்கும்" என்று சொல்லி பியூலா போனை வைத்துவிட்டாள். மகளின் ஞானஸ்நானத்துக்கு மைனிதான் ஞானத்தாய் என்று பேசி வைத்திருந்தோம். வேறு யாரையாவது பாருங்கள் என்று என்னிடம் சொன்னாள்.

நான் அந்தக் கருவியைக் கழற்றினேன். பதிவுகளை அழித்தேன். பழுதாகிவிட்டது என்றேன். "ம்" என்றாள். அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் "ம்" தான். பால் கொடுப்பாள், குழந்தையைப் பாயில் கிடத்துவாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். பாட்டு நின்றுபோயிற்று. குளிக்கச் சொல்லி நான் நினைவுபடுத்த வேண்டியிருந்தது. இப்போது ஒட்டுக்கேட்க அந்த வீட்டில் ஒன்றுமே இல்லை.

எனக்குப் பயம் வந்தது. மைனியிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஸ்ரீவைகுண்டத்துக்குப் போனேன். வழிநெடுக, எப்படித் தொடங்குவது என்று வாக்கியங்களைத் திருத்திக்கொண்டே போனேன். அதில் மட்டும் எனக்குக் குறைவே இல்லை.

மைனி காபி கொண்டுவந்து வைத்தார். உள்ளே அவர் கணவர் தொலைபேசியில் தார் விலை பேசிக்கொண்டிருந்தார். மைனி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பியூலாவுக்கு மனசு சரியில்லன்னு இவர்கிட்ட மட்டும் ஒரு தடவ சொல்லியிருந்தேன். இவரு உங்ககிட்ட எதும் சொன்னாரா?"

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"கேட்டேன், இல்லன்னு சத்தியம் பண்ணுதாரு. நம்பவா வேண்டாமான்னு தெரியல தம்பி. இத்தன வருசத்துல இவர நான் இப்படி நினச்சதே இல்ல."

என் பாதி வாக்கியம் பாளையங்கோட்டையிலிருந்து கிளம்பி இந்த வீட்டுக்குள்ளும் வந்து உட்கார்ந்திருந்தது.

"அண்ணாச்சி ஒண்ணும் சொல்லல மைனி."

"அப்ப யாரு?"

"யாரும் சொல்லல. நானா எழுதினதுதான்."

அவர் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்துபோய் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்தார். ஞானஸ்நானத்துக்கு அவரே தைத்த வெள்ளைக் கவுன்.

"கடையில வாங்கினதுன்னு சொல்லி உடுத்துங்க. நான் தச்சேன்னா போட மாட்டா."

வாங்கிக்கொண்டு வந்தேன். சொல்லப் போனவன், இன்னொரு பொய்யைக் கையில் வாங்கிக்கொண்டு பேருந்து ஏறினேன்.

வீட்டில் பொட்டலத்தைப் பிரித்த பியூலா, கவுனைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பார்த்தாள்.

"அக்கா வீட்டுக்குப் போனீங்களா?"

கடையின் பெயரைக்கூட யோசித்து வைத்திருந்தேன். அது வாயில் வரவில்லை. "ஆமா" என்றேன்.

"என்ன சொன்னா?"

"தான் சொல்லலன்னு…"

"உங்க முகத்தப் பாத்தேவா சொன்னா?" அவள் கண்கள் முதன்முறையாக என் மேல் நிலைத்தன. "அவளுக்குப் பொய் சொல்ல வராதே."

சொன்னேன். அதையும் ஒழுங்காகச் சொல்லவில்லை. அணைந்துபோகும்படி நிரல் எழுத நினைத்தது, நேரமில்லாதது, பதிவுகள் எங்கே சேமிக்கப்பட்டன என்பது… அலுவலகத்தில் பழுதை விளக்குகிறவன் மாதிரி பேசிக்கொண்டே போனேன். அவள் குறுக்கிடவில்லை. முடித்தபோது ஒன்றுதான் கேட்டாள்.

"நான் பாடினதையுமா கேட்டீங்க?"

"ஆமா."

கைபேசியை எடுத்து அக்காவை அழைத்தாள். ஒலிபெருக்கியில் போட்டு மேசைமேல் என் முன்னால் வைத்தாள்.

"ஏட்டி… பியூலா?" என்றது மைனியின் குரல். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? எத்தனையோ நாள் கழித்து வந்த அழைப்பு.

"சொல்லுங்க" என்றாள் பியூலா என்னிடம்.

சொன்னேன். இந்தமுறை சுற்றி வளைக்கவில்லை. பிறகு மைனி கேட்டார்: "இவருட்டயும் இதச் சொல்லுதீங்களா தம்பி? நான் போனை அவர்ட்ட குடுக்கேன்."

அவரிடமும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் போனை வைத்துவிட்டார். இன்றுவரை என்னிடம் பேசவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே மைனி வந்தார். வந்து பியூலாவை மருத்துவரிடம் கூட்டிப்போனார். இது பல தாய்மாருக்கு வருவதுதான், இன்னும் முன்பே வந்திருக்கலாம் என்றாராம் மருத்துவர். முன்பே… எவ்வளவு முன்பே என்று எனக்குத் தெரியும். அவள் முதலில் சொன்னபோதே கேட்டவன் நான்தானே. மருந்தும் அக்காவும் சேர்ந்து அவளைப் பையப் பைய மீட்டார்கள். ஞானஸ்நானம் நடந்தது. அந்தக் கவுனில் மகளை ஏந்தி நின்றது மைனிதான். அண்ணாச்சி வரவில்லை. தன் முதல் பிள்ளையைப் பற்றி மைனி சொன்னதை நான் கதையில் எழுதியிருந்தேன்; அதையும் அவர் படித்திருந்தார்.

கதையை நீக்கச் சொல்லி இதழுக்கு எழுதினேன். நீக்கினார்கள். அதனால் என்ன? பிரதி எடுத்தவர்கள் எடுத்துவிட்டார்கள். அந்த வீணைக்காரர் நான் அனுப்பும் எந்த அஞ்சலுக்கும் பதில் போடுவதில்லை. இப்போதும் யாராவது ஒருவர் புதிதாகக் கேட்டுவிட்டு, நெகிழ்ந்துபோனேன் என்று எழுதுகிறார்கள். தயவுசெய்து எழுதாதீர்கள்.

மன்னித்தாயா என்று பியூலாவிடம் ஒருமுறை கேட்டேன். "அதையும் எழுதுவதற்கா?" என்றாள் என்று எழுதினால் கதைக்குப் பொருத்தமாக இருக்கும். அவள் அப்படிச் சொல்லவில்லை. "தெரியல" என்றாள். அவ்வளவே.

மகள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். பியூலா அவளோடு சிரிக்கிறாள், சாப்பாடு ஊட்டுகிறாள், என்னிடம் பால் வாங்கிவரச் சொல்கிறாள். குடும்பம் நடக்கிறது. ஆனால் மைனியின் அழைப்பு வந்தால், குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுகிறாள். திருநெல்வேலி வெயில் உங்களுக்குத் தெரியும். உச்சி நேரத்தில் தளம் கொதிக்கும். நிழலுக்கு அங்கே தண்ணீர்த் தொட்டி ஒன்றுதான். வீட்டில் காற்றாடி சுழலும் அறைகள் காலியாகக் கிடக்க, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியேறுகிறாள்.

மேலே கதவு தாழிடப்படும் ஓசை கேட்கிறது. நான் மகளைத் தூக்கிக்கொண்டு, பேச்சு காதில் விழாத தெருவாசலுக்கு வந்துவிடுகிறேன்.