டன் என்று காட்டிய திரை

பண்டமாரானிலிருந்து தினமும் ரயிலேறி பிரிக்பீல்ட்ஸ் ஆபீசுக்கு வரும் அமுதவள்ளிக்கு வயது நாற்பத்தாறு. துறைமுக வாசலில் லோரிகளை எடைபோடும் கணினி நிரல் அவள் கைவண்ணம். வேலையில் புலிதான், வாய்தான், அம்மாடி, பட்டாசு!

அன்று புதிய பதிப்பைச் சோதித்தபோது, முப்பது டன் லோரியை நிரல் முப்பதாயிரம் டன் என்றது. ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் டிபக்கரைத் திறந்தாள். அவளுடன் வேலை செய்யும் தற்காலிக ஊழியன் ஜாவித் எழுதிய பகுதியில் மதிப்பு முப்பதாயிரம். அதன் அலகைச் சொல்லும் வகைப் பெயர் ‘டன்’.

"மூணு வாரம் முன்னாடியே கிலோவா மாத்திட்டேன், அக்கா. சத்தியமாலா!" என்றான் ஜாவித்.

"மெஷின் பொய் சொல்லுமா?"

எடுத்தேன் கவிழ்த்தேன் என்று மேலாளர் சுகுமாறனிடம் போய், தப்பு ஜாவித்துடையது என்று சொல்லிவிட்டாள். ஜாவித்தின் வேலை நிரந்தரமாகுமா என்பது அந்த வெள்ளிக்கிழமை முடிவாக வேண்டியிருந்தது.

மத்தியானம் அவன் சாப்பிடப் போகவில்லை. அது அவளுக்கு உறுத்தியது. அவன் எழுதிய மூல நிரலைத் திறந்து பார்த்தாள். கிலோ என்றே இருந்தது. அப்புறம் ஏன் டிபக்கர் டன் என்கிறது?

வகைப் பெயர்களை டிபக்கர் தானாக அறிவதில்லை. நிரலைக் கணினிக்குப் புரியும்படி மாற்றி, கம்பைல் செய்யும்போது உண்டாகும், பெயர்கள் அடங்கிய சிம்பல் கோப்பிலிருந்தே படிக்கிறது. அமுதவள்ளி அதன் தேதியைப் பார்த்தாள். தீபாவளிக்கு முந்தைய வாரம், ஜாவித் கிலோவாக மாற்றுவதற்கும் முன்பு! பெரிய கோப்பு, புதிதாக ஏற்ற அரைமணி நேரம் ஆகும். ஐந்தே முக்கால் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், நிரலோடு பொருந்தாவிட்டாலும் பழையதையே காட்டு என்று டிபக்கரை அமைத்தவள் அவளேதான். அடி பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

புதிய கோப்பை ஏற்றினாள். ஜாவித்தின் பகுதியில் ‘கிலோ’ வந்தது. அந்த எடையை வாங்கும் அடுத்த பகுதியில்தான் ‘டன்’ நின்றது. எழுதியவர் பெயர்: அமுதவள்ளி. அவனோடு சேர்ந்து அவள் மாற்றியிருக்க வேண்டியது, மறந்துபோனாள்.

அவமானத்தில் காது சுட்டது. சொல்லாமல் திருத்திவிட்டால் யாருக்கும் தெரியாது என்றும் ஒரு நிமிடம் தோன்றியது. ஜாவித் இன்னும் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். எழுந்து சுகுமாறன் அறைக்குப் போனாள்.

"பாஸ், தப்பு என்னோடது. ஜாவித் சரியாத்தான் செஞ்சிருக்கான்."

"ஐயோ, அவன் வேண்டாம்னு மேலிடத்துக்கு மெயில் போட்டுட்டேனே, அமுதா!"

"அப்போ இன்னொண்ணு போடுங்க, இப்பவே. தப்பு பண்ணவன்னு அவன் பேர் இருந்த இடத்துல என் பேரை எழுதுங்க."

அவர் அனுப்பும்வரை அவள் அந்த அறையை விட்டு நகரவில்லை.