உதட்டுக்குப் பொருந்திய சொல்

அவள் முகத்தைத் தெருவில் யாரும் டிவியில் பார்த்ததில்லை. அவள் அழுது கேட்காத வீடோ அந்தத் தெருவில் கிடையாது. டப்பிங் பேசுவது அவள் தொழில். வேறு மொழியில் எடுத்த தொடர்கள் நம் மொழிக்கு வரும்போது, திரையில் யாரோ ஒருத்தி வாயசைப்பாள், இவள் இருட்டறையில் மைக்கின் முன் நின்று அவளுக்காகப் பேசுவாள். மாமியாராகக் கரித்துக் கொட்டியிருக்கிறாள், மருமகளாக மூக்கைச் சிந்தியிருக்கிறாள். அழச் சொன்னால் கேட்ட மாத்திரத்தில் அழுவாள் என்பதால் டப்பிங் தியேட்டரில் எல்லோருக்கும் அவள் அழுகையக்கா. சொந்தக் கவலைக்கு அழ மட்டும் அவளுக்கு நேரம் வாய்த்ததில்லை. கணவன் லாரியோடு எந்நேரமும் வெளியூரில். வீட்டில் அவளும், ஏழு வயது மகளும், கணவனின் அக்காவும்தான்.

மகள் பிறந்தபோது தலையில் பேருக்குக்கூட ஒரு முடி இல்லை. அப்பன்காரன் பார்த்ததுமே "மொட்டை" என்றான். பெற்றவளுக்குப் பொறுக்குமா? கடைசி எழுத்தை மாற்றிப் போட்டு "மொட்டு" ஆக்கிவிட்டாள். இப்போது பின்னல் இடுப்பைத் தொடுகிறது, ஆனாலும் அந்தப் பெயர் போகவில்லை. பள்ளிக்கூடத்துக்கு வேறு பெயர், அத்தைக்குப் "பாப்பா". மொட்டு என்று கூப்பிடுவது அம்மா ஒருத்திதான்.

அந்தப் பெயரை அவள் பேய்க்குக் கொடுத்த கதை இது. வேண்டுமென்றா கொடுத்தாள்? உதடு கேட்டது, கொடுத்துவிட்டாள்.

பேய்த் தொடர் ஒன்று. செத்துப்போன தாய், மகள் படுத்திருக்கும் அறைக்கு வெளியே வந்து நின்று கூப்பிட வேண்டும். எழுதிக் கொடுத்த வசனம், "மகளே, கதவைத் திற." திரையில் இருந்த நடிகையோ இரண்டே அசைவில் வாயை மூடிக்கொண்டாள். "மகளே" என்றால் ஓர் அசைவு வெளியே தொங்கியது. "மகள்" என்றால் உப்புச்சப்பில்லை. "லிப் உக்காரலக்கா" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து சவுண்ட் இன்ஜினியர் சொல்லிக்கொண்டே இருந்தான். மறுபடி பேசினாள், மறுபடியும் உட்காரவில்லை. தொண்டை வறண்டு, பசி வேறு வயிற்றைக் கிள்ளியது.

"மானாவுல ஆரம்பிச்சு ரெண்டு அசைவுல ஏதாச்சும் போடுங்கக்கா. செல்லமா கூப்புடுற மாதிரி இருந்தா போதும்" என்றார் டப்பிங் இயக்குநர்.

அவள் யோசிக்கவே இல்லை. "மொட்டு... கதவத் தொற. அம்மா வந்துருக்கேன்."

கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. தினமும் வேலை முடிந்து வந்து தன் வீட்டு வாசலில் நின்று சொல்லும் வார்த்தைகள் அவை. பேய்க்கென்று குரலைக்கூட மாற்றவில்லை. இயக்குநர் மெச்சியதும் அதைத்தான். "கத்தாம, பாசமா கூப்புட்டீங்க பாருங்க, அதுலதான் ஈரக்குலையே நடுங்குது." அவளுக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். கிடைத்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து, அந்தக் காட்சியையே மறந்துபோனாள்.

அது ஒளிபரப்பான மாலையில் அவள் வேறொரு தொடரில் கல்யாணப் பெண்ணாகச் சிரித்துவிட்டு வந்துகொண்டிருந்தாள். பஸ்ஸில் முன் இருக்கையில் இரண்டு பெண்கள் ஒரே போனில் தலையை நுழைத்திருந்தார்கள். "கையப் பாருடி, எப்படிப் புல்லரிச்சிருக்குன்னு" என்று ஒருத்தி கையை நீட்டினாள். "இனிமே எங்க அம்மா வந்து கூப்புட்டாலும் நான் கதவத் தொறக்க மாட்டேன்பா" என்றாள் இன்னொருத்தி. பின்னால் உட்கார்ந்திருந்த பேய் தனக்குள் சிரித்துக்கொண்டது. பாராட்டு நேரில் கிடைக்காத தொழில். இப்படி ஒட்டுக்கேட்டுத்தான் சந்தோஷப்பட வேண்டும்.

மாடிப்படி ஏறி வந்து கதவைத் தட்டினாள். "மொட்டு, கதவத் தொற. அம்மா வந்துருக்கேன்."

உள்ளே ஏதோ விழுந்தது. அதற்குப் பின் ஓர் அலறல். தொழில்முறையில் எத்தனையோ அலறல் போட்டவள் அவள். இது அந்த ரகமே இல்லை.

"என்னடா ஆச்சு? பயப்படாத கண்ணு, நான்தான்."

அலறல் இன்னும் உயர்ந்தது. "அம்மாவ மறந்துட்டியா?" என்று வாயெடுத்தவளுக்குப் பாதியிலேயே நாக்கு ஒட்டிக்கொண்டது. பயப்படாத கண்ணு, நான்தான் என்பது பேயின் இரண்டாவது வசனம். அம்மாவ மறந்துட்டியா என்பது மூன்றாவது. மூடிய கதவுக்கு வெளியே நிற்கும் ஒரு தாய் என்னவெல்லாம் சொல்வாளோ அதையெல்லாம் அந்த எழுத்தாளன் எழுதித் தள்ளியிருந்தான், இவளும் ஒன்றுவிடாமல் உதட்டுக்குப் பொருத்திப் பேசியிருந்தாள். இப்போது சொல்வதற்கு அவளிடம் ஒரு சொல் மிச்சமில்லை. கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே பெற்ற பிள்ளை மூச்சு வாங்கி வாங்கி அழுதது. வாயைத் திறந்தால் இன்னும் அழும்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுத் தையல்காரப் பெண் ஓடிவந்தாள். அவள் பின்னாலேயே நாத்தனார். இந்த வீட்டில் பேய்த் தொடர் கூடாது என்று இவள் கண்டிப்பாகச் சொல்லி வைத்திருந்ததால், நாத்தனார் தினமும் அந்த அரைமணி நேரத்துக்குப் பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். குழந்தை உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதும். "அம்மா குரல் கேட்டா மட்டும் தொற" என்பது அவள் சொல்லிவிட்டுப் போகும் புத்திமதி.

"ஐயோ அக்கா, அது நீங்களா! அதே குரல், அப்படியே அதே குரல்!" தையல்காரப் பெண் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "நான் சோபாவுல காலத் தூக்கி வச்சுக்கிட்டேன்க்கா. ஒரே ஒரு தடவ சொல்லுங்களேன், போன்ல புடிச்சுக்குறேன். எங்க வீட்டுக்காரர் நம்பவே மாட்டார்."

"உள்ள புள்ள அழுவுதுப்பா" என்று இவள் கிசுகிசுத்தாள்.

"அதுக்கும் கேட்டுருச்சு போல. இந்தச் சுவர் என்ன சுவரு, காகிதம்!"

நாத்தனார்தான் கதவருகில் போய், "பாப்பா, அத்தை வந்துருக்கேன்டி" என்றாள். தாழ்ப்பாள் திறந்தது. குழந்தை அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "அத்தை, வெளியில அம்மா மாதிரியே ஒண்ணு பேசுது" என்றது.

நடந்தது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே வந்தது. சுவருக்கு அப்பாலிருந்து அம்மா கூப்பிட்டிருக்கிறாள். குழந்தை பென்சிலைப் போட்டுவிட்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்திருக்கிறது. வெளியே யாரும் இல்லை. படிக்கட்டு வரை எட்டிப் பார்த்திருக்கிறது. அப்போது அதே குரல், "அம்மாவ மறந்துட்டியா?" என்று கேட்டுவிட்டு வீறிட்டு அலறியிருக்கிறது.

அன்று முதல் அம்மா வாயைத் திறந்தால் குழந்தை காதைப் பொத்திக்கொண்டது. பேசாதிருந்தால் மடியில் வந்து படுக்கும், சோறு ஊட்டினால் வாங்கிக்கொள்ளும். "கண்ணு" என்று ஆரம்பித்தால் போதும், உடம்பு விறைத்துவிடும். அது டிவி, அதில் பேசியது அம்மாதான் என்று நாத்தனார் வாயால் சொல்லவைத்தாள். அது நிலைமையை இன்னும் கெடுத்தது. "அப்போ அந்தப் பேய் அம்மாவா?" என்று குழந்தை கேட்டது. நாத்தனார் சமையலறைக்குள் போய்விட்டாள்.

வெளியிலோ ஊரே மொட்டு, மொட்டு என்றது. கடைக்காரர் தன் மனைவியைப் பயமுறுத்த அப்படிக் கூப்பிட்டார். தெருப் பிள்ளைகள் ஒளிந்துகொண்டு கூப்பிட்டு விளையாடினார்கள். தையல்காரப் பெண்ணின் புண்ணியத்தில் செய்தி பரவி, படியேறும் இடத்திலெல்லாம், "அக்கா, ஒரு தடவ" என்று நிறுத்தினார்கள். எல்லோருக்கும் அன்புதான். யார்மேல் கோபித்துக்கொள்வது? வீட்டில் பேச முடியாத குரலை வெளியில் எல்லோரும் கெஞ்சிக் கேட்டார்கள்.

அவள் இயக்குநரிடம் போய் நின்றாள். "சார், அந்த வார்த்தைய மாத்திடலாமா? அது எங்க வீட்டுப் பேரு சார். என் புள்ள என்னைப் பாத்து நடுங்குது."

அவர் கெட்டவர் இல்லை. முகம் வாடிப்போனது. "ஐயையோ, எனக்குத் தெரியாம போச்சேக்கா" என்றார். போனை எடுத்துக் காட்டினார். கீழே கீழே தள்ளத் தள்ள ரசிகர்கள் எழுதியது வந்துகொண்டே இருந்தது. தூக்கம் போச்சு, விளக்கப் போட்டுத்தான் படுத்தேன், மொட்டு மறுபடி எப்போ வரும். "சேனல்ல எபிசோடுக்கு ஒரு மொட்டு கட்டாயம் வேணுங்கிறாங்க. என் கையில எதுவும் இல்லக்கா. நீங்க வரலேன்னா வேற ஒருத்தர வச்சு உங்க மாதிரியே பேச வச்சுருவாங்க. வார்த்தை என்னவோ போகாது."

அவள் மைக்கின் முன் போய் நின்றாள். வேறு என்ன செய்வாள்? தன் பிள்ளையின் பெயரை இன்னொருத்தி வாயால் கேட்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. "மொட்டு" என்றாள். இப்போதெல்லாம் ஒரே டேக்கில் முடிந்துவிடுகிறது. வீட்டில் சொல்ல முடியாததை எல்லாம் அங்கேதான் சொன்னாள், அதனால் அந்த வாரம் பேய்க்கு இன்னும் பாசம் கூடிவிட்டது என்று ரசிகர்கள் உருகினார்கள்.

வீட்டில் ஒரு வழி தற்செயலாகக் கிடைத்தது. எப்போதோ ஒரு கார்ட்டூனில் அணிலுக்குப் பேசியிருந்தாள். ஒருநாள் குழந்தை தட்டில் சோற்றை அளைந்துகொண்டிருக்க, வாய் தவறி அணிலின் கீச்சுக்குரலில், "சாப்புடுறியா, இல்ல நான் கொறிச்சுடவா?" என்றாள். குழந்தை நிமிர்ந்து பார்த்தது, காதைப் பொத்தவில்லை. அதிலிருந்து அவள் வீட்டுக்குள் அணில்தான். குளிக்கக் கூப்பிடுவது அணில், கணக்கு சொல்லிக்கொடுப்பது அணில், அடம்பிடித்தால் அதட்டுவதும் அணில். நாத்தனாரால் சிரிப்பை அடக்க முடியாது, அதே மூச்சில் கண்ணும் கலங்கும்.

ஒரு விடுமுறை நாள் காலையில் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். குழந்தை பின்னலோடு திரும்பி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாகக் கேட்டது.

"அம்மா, உன் குரல அந்தப் பேய் எடுத்துக்கிச்சா? அதான் அணில் மாதிரி பேசுறியா?"

அவள் மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"பாவம்மா நீ" என்று குழந்தை அவள் தொண்டையைத் தடவிக் கொடுத்தது. "திருப்பிக் கேக்கலாம்ல? எனக்கு எங்கம்மா குரல் வேணும்."

அந்தக் குரல் தொண்டை வரை வந்து முட்டியது. அதைக் கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, கீச்சென்று சொன்னாள்.

"கேட்டுப் பாத்தேன்டா. தர மாட்டேங்குறாங்க."